கொடுத்த காது

நவம்பர் கடைசி. துர்க்கு நகரில்
காலை எட்டு மணிக்கும் விடியவில்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மாடி அறையில்
ஹெல்சிங்கியிலிருந்து வந்த யார்மோ
பதினாறு பக்க அறிக்கையை
என் பக்கம் நகர்த்துகிறார்,
சுடுகிற கிண்ணத்தைத் தள்ளுவதுபோல
விரல்நுனியால்.

உணர்வுசார் நுண்ணறிவு மதிப்பீடு.
பெயர்: தூலிக்கி. பொறுப்பு: மேற்பார்வையாளர்.
மதிப்பிட்டோர் பதினொரு பேர். பெயர்கள் இல்லை.

நீலக் கோடு, எனக்கு நானே போட்ட மதிப்பெண்.
ஆரஞ்சுக் கோடு, அவர்கள் போட்டது.
'நேரம் காத்தல்' வரை இரண்டும்
தோளில் கைபோட்டுக்கொண்டு போகின்றன.
'பிறர் நிலை உணர்தல்' வந்ததும்
நீலம் படியேறிப் போய்விடுகிறது.
ஆரஞ்சு கீழேயே நிற்கிறது.
நடுவில் கிடக்கும் வெள்ளையில்
படகு விடலாம்.

"இந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை" என்கிறார் யார்மோ.
தலையாட்டுகிறேன்.
தலையாட்டுவதற்கும் ஒரு கேள்வி இருந்தது.
அதில் எனக்கு ஐந்துக்கு இரண்டு புள்ளி ஒன்று.

கடைசிப் பக்கத்தில் அவர்கள் கைப்பட எழுதியவை,
தட்டச்சு செய்யப்பட்டு, முகம் துடைக்கப்பட்டு:
'நேர்மையானவர்.'
'கதவைக் குதிகாலால் சாத்துகிறார்.'
'பேசாமல் நிற்கும்போது கோபமா, களைப்பா,
இல்லை இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தானா,
மூன்று வருடமாகத் தெரியவில்லை.'
அப்புறம் இது:
'காது கொடுக்கிறார்.
பேசி முடிக்குமுன் திருப்பி வாங்கிக்கொள்கிறார்.'

யார் எழுதியது என்று தேடாதீர்கள்,
அதுதான் முதல் பாடம் என்றிருந்தார் யார்மோ.
அன்றிரவு முழுக்க அதைத்தான் தேடினேன்.
எஸ்தோனியாக்காரி மாரே இவ்வளவு சுருக்கமாக எழுதமாட்டாள்.
குதிகால் ஹோதானுடையது, அவள் மடிப்பு மேசை கதவோரம்.
கடைசி வரி யாருடையது?
முப்பது பேரையும் கூண்டில் ஏற்றி இறக்கினேன்.
இரண்டு மணிக்கு சிர்வான் அகப்பட்டான்.

அவனோடு ஒரு ஏப்ரல் மதியமும் அகப்பட்டது.
ஓடும் பட்டையை அவன் நிறுத்தியிருந்தான்.
தலையணை உறைகளின் குவியலுக்குள்
தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.
ஏழாவது வார்டில் ஒருவருடைய செவிக்கருவி
துணியோடு வந்துவிட்டதாம், என்று தொடங்கினான்.
"எட்டு நிமிடம்" என்றேன்.
"அவர் மகளோடு..." என்றான்.
"ஒன்பது" என்றேன்.
பட்டை ஓடியது.
மகளோடு என்ன என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலையில் நேராக அவனிடம் போனேன்.
வாக்கியங்களைப் பெட்டி போட்டு வைத்திருந்தேன்.
"நீ எழுதியது சரிதான்" என்றேன்.
நீராவிக்குள்ளிருந்து நிமிர்ந்தான்.
"எதை?"
"படிவத்தில்."
"நான் நிரப்பவில்லையே. அந்த வாரம் விடுப்பு."

அப்படியென்றால் இன்னொருவர்.
இன்னொரு மதியம், இன்னொரு பாதி வாக்கியம்.
எத்தனை பாதிகள்
இந்தக் கூடத்தில் வெள்ளைத் துணிகளுக்கு அடியில்
அரைபட்டுக் கிடக்கின்றன?

இருந்தாலும் கேட்டேன்:
"அந்த மகள். அவரோடு என்ன?"
அவன் எனக்காக ஃபின்னிஷ் சொல் ஒன்றைத் தேடினான்.
நான் மனதுக்குள் எண்ணினேன், பயிற்சியில் சொன்னபடி.
மூன்றில் நாக்கு துடித்தது.
ஐந்தில் குதிகால் கதவுப்பக்கம் திரும்பியது, திருப்பி வைத்தேன்.
ஒன்பதில் சொன்னான்:
"தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. கனடாவில் மகள்.
கருவி கிடைக்கவில்லை.
மறுநாள் அந்தப் படுக்கையின் விரிப்பு
தனிப்பையில் வந்தது."
தனிப்பை என்றால் என்னவென்று
இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மே மாதம் மறுமதிப்பீடு.
பிறர் நிலை உணர்தல்: இரண்டு புள்ளி நான்கு.
யார்மோ இதை முன்னேற்றம் என்கிறார்,
ஆரஞ்சுக் கோட்டைப் பேனாவால் தடவிக்கொடுத்தபடி.
கடைசிப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்:
'இப்போதெல்லாம் கதவைக் கையால் சாத்துகிறார்.
சத்தமே இல்லை.
எப்போது வந்தார் என்று தெரியாமல் திடுக்கிடுகிறோம்.'